ஏழுமலையின் மேசையில் செத்த போன்கள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று கடையில் கேட்டார்கள். எதை எழுதட்டும் என்றேன். "உங்க அனுபவம் ஏதாவது, அக்கா" என்றார்கள். ஜெயித்த கதை என்னிடமும் இரண்டு மூன்று உண்டு. ஆனால் அந்த மாதிரிக் கதைகளை டீக்கடையில் எவனாவது உங்களுக்குச் சொல்லாமலா இருக்கப்போகிறான்? நான் தப்பு செய்த கதையை எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்றாயிற்று, இனி என்னை யாரும் வேலையை விட்டுத் தூக்க முடியாது.

முதலில் என் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு யாரையும் எளிதில் நம்ப வராது. கண்டக்டர் தொண்டை கிழிய "திருப்பதி, திருப்பதி" என்று கூவினாலும் போர்டைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். காய்கறிக்காரர் தராசைத் தூக்கினால் என் கண் தராசில் இருக்காது, அவர் சுண்டுவிரலில் இருக்கும். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை, "உன்கிட்ட பொய் சொல்றதுக்கு நான் சும்மாவே இருந்துடுவேன்" என்பார். அவர் சும்மா இருந்தாலும் நான் ஏன் என்று கேட்பேன்.

இந்தக் குணத்துக்குத் தொழிலில் ஒரு மரியாதையும் கிடைத்தது. எனக்குச் சொந்த ஊர் புத்தூர் பக்கம், விவசாயக் குடும்பம். வெளிநாட்டுச் சாமான்கள் தாராளமாக உள்ளே வரத் தொடங்கிய தொண்ணூறுகளில் ரேணிகுண்டா பக்கம் ஒரு சின்ன டிவி ஆலையில் சேர்ந்தேன். அங்கே இருந்த சூப்பர்வைசர் முதல் நாளே சொன்னார்: "செட்டுக்குள்ள கை உடும்போது ஒத்தை கைதான் உடணும். ஆம்பிளைங்க இன்னொரு கையை ஜோபில உட்டுக்குவாங்க. உனக்கு ஜோபி இல்ல, முந்தானையில சொருகிக்கோ. ஆஃப் பண்ணிட்டேன்னு எவன் சொன்னாலும் நம்பாத. பிக்சர் டியூப்ல கரண்ட் நின்னுகினு இருக்கும்." இரண்டு கையும் உள்ளே இருந்தால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும் என்பது கணக்கு. அவர் பேச்சைக் கேட்டதால் நான் பிழைத்தேன். கேட்காத ஒருவர் சுவரில் போய் விழுந்ததைப் பார்த்தேன்.

பெரிய பெரிய பிராண்டுகள் கடைத்தெருவுக்கு வந்ததும் எங்கள் ஆலை மூடிக்கொண்டது. கூட இருந்தவர்களில் பாதிப் பேர் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனார்கள். சிலர் குவைத்துக்குப் போனார்கள். நான் திருப்பதியில் போன் பழுது பார்க்கும் இந்தக் கடைக்கு வந்தேன். வந்த புதிதில், பழைய டிஸ்ப்ளேவைத் துடைத்துப் புது உறையில் போட்டு அனுப்பிக்கொண்டிருந்த ஒரு சப்ளையரைக் கையும் களவுமாகப் பிடித்தேன். அன்றிலிருந்து என் பெயர் போலீஸ் அக்கா. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. அங்கேதான் வினை ஆரம்பம்.

பல வருஷம் கழித்து சித்தூர் பக்கத்து மாங்கூழ் ஆலை ஒன்றிலிருந்து எங்களுக்கு ஒரு வேலை வந்தது. தோட்டத்திலிருந்து காய் ஏற்றி வரும் லாரி டிரைவர்களுக்கு அவர்கள் போன் கொடுத்திருந்தார்கள். ஆண்ட்ராய்டு கிடையாது, நேரடியாக லினக்ஸ் ஓடும் போன். எந்தத் தோட்டம், எந்த கேட், எந்த நேரம் என்று எல்லாம் அதில்தான் வரும். அதில் வரும் பாஸைக் காட்டினால்தான் வாட்ச்மேன் கேட்டைத் திறப்பார். சீசனுக்கு முன்னால் எல்லாப் போனிலும் புதிய இயங்குதளத்தை ஏற்றித் தர வேண்டும் என்பது ஒப்பந்தம்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் இதை என் தங்கையும் படிப்பாள் என்பதால் சொல்கிறேன். அந்தப் போனில் இயங்குதளம் முழுவதும் நகத்தளவு மெமரி கார்டு ஒன்றில் இருக்கும். ஆலைக்காரர்கள் 'இமேஜ்' என்று ஒரே ஒரு பெரிய கோப்பை அனுப்புவார்கள். கார்டை ரீடரில் செருகி, கம்ப்யூட்டரிலிருந்து அந்தக் கோப்பை அப்படியே கார்டில் எழுத வேண்டும். எழுத எழுதத் திரையில் பட்டை நீளும். நூறு சதவீதம் வந்ததும் கார்டை எடுத்துப் போனில் போட்டு, முதல் திரை வருகிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். போனில் மேசை எண்ணோடு ஒரு லேபிளும் ஒட்ட வேண்டும். இதையெல்லாம் வரிசையாக ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு மேசையிலும் ஒட்டியவள் நான்தான்.

மேசைகள் மூன்று. ஒன்றில் பத்மா, இன்னொன்றில் கிரண், மூன்றாவதில் ஏழுமலை. பத்மாவும் கிரணும் பழைய ஆட்கள். ஏழுமலை சேர்ந்து ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. சத்தியவேடு பக்கத்து கிராமம், கல்யாணமானவன், இருபத்தொன்பது வயது. அவன் மனைவி அங்கே ஒரு ஆலையில் ஷிப்ட் வேலை பார்த்தாள். சேர்ந்த அன்று ஊர்ப் பெயரைச் சொன்னான். எங்கள் பக்கத்தில் ஊர்ப் பெயரோடு கேள்வி நிற்காது. நானும் கேட்டேன்: "ஊரா, காலனியா?"

"காலனி, மேடம்" என்றான்.

மற்றவர்கள் எல்லோரும் என்னை அக்கா என்பார்கள். அவன் மட்டும் மேடம் என்றான். அக்கா என்று கூப்பிடு என்று நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால் ஞாபகம் வரவில்லை என்றிருப்பேன். அது பொய்.

அவன் கை வேகம். மற்ற இருவரும் நாளைக்குப் பத்து போன் முடித்தால் அவன் பதினெட்டு முடிப்பான். எனக்கு அதிலேயே ஒரு முள் குத்தியது. அதே கம்ப்யூட்டர், அதே கார்டு, இவன் மட்டும் எப்படி என்று யோசித்தேன். வேகமாகச் செய்கிறான் என்று நினைக்கவில்லை, எதையோ விட்டுவிட்டுச் செய்கிறான் என்று நினைத்தேன்.

இரண்டாம் நாளே அவன் என்னிடம் வந்து ஒன்று கேட்டான்.

"மேடம், நூறு வந்த பின்னாடியும் ரீடர்ல லைட்டு மினுக்கிகினே கீது. கொஞ்ச நேரம் உட்டு எடுக்கட்டா?"

நான் ஆலைக்காரர்களோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு, "தாள்ல இன்னா எழுதிக்குது?" என்றேன்.

"நூறு வந்ததும் எடுன்னு கீது."

"அப்போ அதைச் செய். நீயா ஒண்ணு புதுசா கண்டுபுடிக்காத."

சரி மேடம் என்று போய்விட்டான். மறுபடி அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஒரு வாரத்தில் போன்கள் திரும்பி வரத் தொடங்கின. முதல் திரை வரும், பெயர் வரும், அதற்குமேல் ஒன்றும் வராது. சிலதில் பாஸ் திறக்கும்போது எல்லாம் உறைந்து நிற்கும். ஒரு டிரைவர் ஆலை கேட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டார். மே மாத மதியம். "அம்மா, போனு ஆன் ஆவுது, பாஸ் மட்டும் வர மாட்டுது. வாட்ச்மேன் உள்ள உட மாட்டறான். காய் லாரிலயே வெந்துகினு கீது. நீங்களே வந்து துன்னுங்க" என்று வைத்துவிட்டார்.

திரும்பி வந்த போன்களின் லேபிளைப் பார்த்தேன். ஒன்பது போன். ஒன்பதும் ஏழுமலையின் மேசை.

இந்த இடத்தில் கவனியுங்கள் பிள்ளைகளே, ஏனென்றால் உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். ஒரே மேசையிலிருந்து ஒன்பது செத்த போன் வந்தால் மூளை ஒரே நொடியில் தீர்ப்பு எழுதிவிடும். அதற்கப்புறம் நீங்கள் செய்கிற பரிசோதனை எல்லாம் அந்தத் தீர்ப்புக்குச் சாட்சி தேடுகிற வேலைதான். நான் என்னை நியாயமானவள் என்று நினைத்துக்கொண்டே அதைச் செய்தேன்.

முதலில் கோப்பைச் சரிபார்த்தேன். ஒவ்வொரு இமேஜுக்கும் நீளமான ஓர் அடையாள எண் இருக்கும், உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். ஏழுமலை சாப்பிடப் போன நேரத்தில் அவன் கம்ப்யூட்டரில் இருந்த கோப்பின் எண்ணை எடுத்தேன். கிரண் ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, நான் ஆலைக்காரர்கள் அனுப்பிய எண்ணோடு ஒப்பிட்டேன். ஓர் எழுத்து மாறவில்லை. கோப்பு சுத்தம். ஆகவே ஆள்தான் அசுத்தம் என்று முடிவு கட்டினேன். கம்ப்யூட்டரில் இருந்ததைச் சோதித்த எனக்குக் கார்டில் போய்ச் சேர்ந்ததைச் சோதிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அப்போது சந்தையில் போலி மெமரி கார்டுகள் நிறைய. நல்ல கார்டை எடுத்துக்கொண்டு போலியை வைத்தால் போன் இப்படித்தான் பாதியில் நிற்கும். இவன் கார்டை மாற்றுகிறான் என்று எனக்குப் பட்டது. மறுநாள் காலை கார்டுகளைக் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஊசி முனையால் சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு வைத்தேன். நான்கு நாளில் செத்த போன்கள் வந்தன. திறந்து பார்த்தேன். எல்லாக் கார்டிலும் என் பொட்டு இருந்தது.

இன்னொருத்தியாக இருந்தால் அங்கே நிறுத்தியிருப்பாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பொட்டைக் கண்டுபிடித்துவிட்டான், அதே நிறத்தில் அவனும் ஒரு நெயில் பாலிஷ் வாங்கிவிட்டான் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் அரளவும் இல்லை, பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு பேயைத் தேடினேன்.

முதலாளி தெலுங்கர், நல்ல மனிதர். "அக்கா, ஆ அப்பாயி மஞ்சி வாடே. ஊரிகே டவுட் படாதீங்க" என்றார். அந்தப் பையன் நல்லவன், வீணாகச் சந்தேகப்படாதீர்கள் என்று பாதி அவர் மொழியிலும் பாதி நம் மொழியிலும் சொன்னார். நான் கேட்கவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லோருடைய பையையும் சோதிக்கப்போகிறேன் என்றேன். ஒருவன் பையை மட்டும் சோதித்தால் அநியாயம் என்பதற்காக எல்லோர் பையையும் என்றேன். அவ்வளவு நியாயஸ்தி நான்.

பத்மாவின் பையில் சீப்பும் ஊதுபத்தியும் இருந்தன. கிரண் பையில் ஒரு துண்டும் பழைய சார்ஜரும். இரண்டையும் மேலாகப் பார்த்துவிட்டு விட்டேன். ஏழுமலையின் பையை மேசையில் கொட்டினேன். டிபன் பாக்ஸைத் திறந்தேன், புளிச்சோற்றின் மிச்சம் ஒட்டியிருந்தது. ஓர் உறையில் பாஸ்போர்ட்டும் போட்டோக்களும் சென்னை ஏஜென்சி ஒன்றின் விண்ணப்பமும் இருந்தன. மலேசியாவில் எலெக்ட்ரானிக்ஸ் ஆலை வேலை. கார்டு ஒன்றுகூட இல்லை.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் டிபன் பாக்ஸை மூடினான்.

"மேடம், பாஸ்போர்ட்டு. பாத்துட்டு குடுத்துடுங்க."

"எப்ப போறே?"

"இன்னும் ஓகே ஆவல. முப்பது வயசுக்குள்ள இருந்தாத்தான் எடுத்துக்குவாங்க. ஆடி வந்தா எனக்கு முப்பது. இதான் கடைசி பேட்ச். உங்களுக்கு போன் பண்ணுவாங்க மேடம், எப்படி ஆளுன்னு கேப்பாங்க."

பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தேன். ஓடப்போகிறவன், அதனால்தான் துணிந்து செய்கிறான் என்று என் சந்தேகத்துக்கு இன்னொரு தூண் கிடைத்தது. மறுநாள் அவனை மேசையிலிருந்து எடுத்துப் பெட்டி கட்டும் வேலையில் போட்டேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். ஏழுமலை எப்படிப்பட்ட ஆள், நம்பி அனுப்பலாமா என்று கேட்டாள். நான் பொய் சொல்லவில்லை. திருடன் என்று சொல்லவில்லை. "இப்போதைக்கு நான் எதுவும் சொல்ல முடியாது. இங்க ஒரு விசாரணை நடந்துகினு இருக்கு" என்றேன். அந்தப் பெண் சரி மேடம் என்று வைத்துவிட்டாள். போனை வைத்ததும் எனக்குத் திருப்தியாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

மாங்காய் சீசன் உச்சத்துக்கு வந்தது. மேசை ஒன்று காலி, ஆலைக்காரர்கள் கழுத்தைப் பிடித்தார்கள். நானே ஏழுமலையின் இடத்தில் உட்கார்ந்தேன். இழுப்பறையைத் திறந்தால், லாரி எண்ணும் டிரைவர் ஊரும் தெலுங்கில் எழுதி அடுக்கிய லேபிள்கள் ஒரு கட்டு இருந்தன. கார்டு எழுதிக்கொண்டிருக்கும்போதே அவன் போனில் லேபிளை ஒட்டிவிடுவான் போலிருக்கிறது. பத்மாவும் கிரணும் அப்படி இல்லை. நூறு வந்த பிறகுதான் பேனாவை எடுப்பார்கள். கிரண் கோலம் போடுகிற மாதிரி எழுதுவான். பத்மா எழுதி, ஒட்டி, "கோவிந்தா" சொல்லிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்புறம்தான் கார்டை உருவுவாள். எனக்கு அவசரம். ஏழுமலை எழுதி வைத்த லேபிள்களையே எடுத்து முன்கூட்டியே ஒட்டினேன். நூறு வந்ததும் உருவினேன். பதினாறு போன் முடித்தேன், என் சுறுசுறுப்பை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

நான்காம் நாள் ஐந்து போன் திரும்பி வந்தது. ஐந்தும் என்னுடையவை.

ஏழுமலை அந்தப் பக்கமே வரவில்லை. கார்டு என் கையை விட்டுப் போகவில்லை. யாரைச் சந்தேகப்படுவது என்று தெரியாமல் ஒரு முழு நாள் உட்கார்ந்திருந்தேன். நம்புவீர்களா, முதலில் பத்மாவின் மேல்கூடச் சந்தேகம் வந்தது. என் மேல் வருவதற்கு அடுத்த நாள் ஆயிற்று.

காலையில் ஒரு கார்டை ரீடரில் செருகி, இமேஜை எழுத விட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். பட்டை நூறைத் தொட்டது. ரீடரின் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் போய், இன்னும் அரை நிமிடம் ஆன பிறகுதான் விளக்கு நின்றது. கம்ப்யூட்டர் கோப்பை முதலில் தன் நினைவுக்குள் வாங்கிக்கொள்கிறது, வாங்கி முடித்ததும் நூறு என்று காட்டிவிடுகிறது, பிறகு மெதுவாகக் கார்டுக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறது. நடுவில் உருவினால் முன்பாதி இருக்கும், பின்பாதி இருக்காது. முதல் திரை வரும், பாஸ் வராது. நான் அந்தத் தாளை எழுதிய காலத்தில் இமேஜ் சின்னது, நூறு வந்த உடனே விளக்கும் நிற்கும். இமேஜ் பெருத்தது, தாள் அப்படியே இருந்தது.

கிரணின் அழகான கையெழுத்தும் பத்மாவின் கோவிந்தாவும் அவர்கள் போன்களைக் காப்பாற்றியிருக்கின்றன. ஒரு நொடி வீணாக்காமல் வேலை செய்தவன், நான் எழுதியதை எழுதியபடி செய்தவன், அவன் போன்கள்தான் செத்தன. அதிலும் எல்லாம் சாகவில்லை. நடுவில் தண்ணீர் குடிக்கப் போயிருந்தால் அது பிழைத்திருக்கும். அவன் அதிகம் எழுந்து போகிறவன் இல்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

அவன் என்னிடம் வந்து கேட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. லைட்டு மினுக்கிகினே கீது, மேடம். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து ஏஜென்சிக்குப் போன் போட்டேன்.

அதே பெண்தான் எடுத்தாள். ஏழுமலை மேல் எந்தத் தப்பும் இல்லை, தப்பு என்னுடையது, அவன் தங்கமான ஆள் என்றேன்.

"மேடம், போன வாரம் விசாரணைன்னு சொன்னீங்க. இப்போ தங்கம்னு சொல்றீங்க. உங்களை யாராவது மிரட்டுறாங்களா?"

"யாரும் மிரட்டலம்மா."

"அவரு உங்க சொந்தமா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் மேடம் மாத்திப் பேசறீங்க?"

நான் அந்தப் பெண்ணின் இடத்தில் இருந்தால் இதே கேள்விகளை இதே வரிசையில் கேட்டிருப்பேன். எழுத்தில் கொடுக்கிறேன் என்றேன். கொடுங்கள், ஆனால் மலேசியாவுக்கு ஆட்கள் பட்டியல் போகிற நேரம் என்றாள்.

முதலாளியிடம் கடையின் லெட்டர் பேப்பரில் எழுதித் தரச் சொன்னேன். அவர் தயங்கினார். கடை தப்பை ஒப்புக்கொண்டால் ஆலைக்காரர்கள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒப்பந்தத்தையே முறித்துவிடுவார்கள் என்றார். அவர் பயம் நியாயம்தான். வெள்ளைத் தாளில் என் பெயரில் எழுதினேன். மேசையில் ஒட்டிய தாளை எழுதியது நான், அவன் கேட்டபோது காது கொடுக்காதது நான், என் மேசையிலும் போன்கள் செத்தன என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலை பஸ்ஸில் சென்னைக்குப் போனேன். ஏஜென்சியில் இருந்த பெரியவர் இரண்டு முறை படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்கம்மா. ஆனா லிஸ்ட் நேத்து சாயங்காலமே போயிடுச்சு" என்று தாளை மடித்து என்னிடமே கொடுத்தார்.

திரும்பும்போது சத்தியவேட்டில் இறங்கினேன். ஏழுமலைக்கு அன்று வார லீவு. ஊரைத் தாண்டி, நான் ஒருநாளும் போகாத அந்தப் பக்கம் ஆட்டோவில் போனேன். வாசலில் அவன் மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், ஆலையின் அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. என்னைப் பார்த்ததும் உள்ளே பார்த்து, "யாரோ வந்துகிறாங்க" என்றாள். அவன் நாற்காலி கொண்டுவந்து போட்டான். உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு, தாள், ஏஜென்சிக்கு முதல் முறை சொன்னது, இரண்டாம் முறை சொன்னது, பட்டியல் போய்விட்டது. மன்னித்துக்கொள் ஏழுமலை என்றேன். அந்தச் சொல்லை அதற்கு முன் நான் யாரிடமும் சொன்ன ஞாபகம் இல்லை.

அவன் கடிதத்தை வாங்கிப் படித்தான். மனைவியிடம் கொடுத்தான். அவளும் படித்தாள்.

"எங்க வூட்டாண்ட வந்து சொல்லிட்டீங்க. மெட்ராஸ்ல யாருக்கோ சொல்லிட்டீங்க. கடையில சொன்னீங்களா?" என்றான்.

"இல்ல. நேரா அங்க போயிட்டு வரேன்."

"என் பையை அங்கதானே கொட்டுனீங்க, மேடம்."

அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு வேறு வழி இருக்கிறதா என்று யோசித்தேன். தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். முதலாளியை விட்டுச் சொல்லச் சொல்லலாம். புதிய தாள் ஒட்டினால் அவர்களே புரிந்துகொள்வார்கள். போலீஸ் அக்கா என்று பெயர் வாங்கியவளுக்கு எத்தனை குறுக்கு வழி தோன்றுகிறது பாருங்கள். அவன் பையைக் கொட்டியபோது மட்டும் இத்தனை யோசனை வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லோரையும் அதே மேசையைச் சுற்றி நிற்கச் சொன்னேன். பத்மா, கிரண், முதலாளி, கவுண்டர் ஆட்கள், பெட்டி கட்டும் ஆட்கள். ஏழுமலை கடைசியில் நின்றான். கடிதத்தை முழுக்க வாசித்தேன். "இவனை நான் திருடன்னு நினைச்சேன். அதுக்கு இவன் செஞ்ச வேலை காரணம் இல்ல. எந்தப் பக்கத்துலேருந்து வரான்னு முதல் நாளே கேட்டு மனசுல வெச்சுக்கினேன், அதான் காரணம்" என்றேன். கடைசி வரி கடிதத்தில் இல்லாதது. பத்மா தலையைக் குனிந்துகொண்டாள். கிரண் அணைந்திருந்த கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தான்.

எல்லோரும் ஏழுமலையைப் பார்த்தார்கள்.

"சரி மேடம்" என்றான். "என் பேர்ல திரும்பி வந்த போனுங்களை எல்லாம் எடுத்துக் குடுங்க. நானே ஏத்தித் தரேன். டிரைவருங்க காத்துகினு இருப்பாங்க."

என் மேசையில் செத்த ஐந்தையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டான். சீசன் முடியும்வரை எங்களோடு வேலை செய்தான். ஒரு போன்கூடத் திரும்பி வரவில்லை. அப்புறம் சத்தியவேடு பக்கத்திலேயே ஓர் ஆலையில் சேர்ந்துவிட்டான்.

சந்தேகப்படாதீர்கள் என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. சந்தேகம் இல்லாதவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை. திரையில் தெரியும் எண்ணைச் சந்தேகியுங்கள், கார்டைச் சந்தேகியுங்கள், நீங்களே எழுதிய தாளை முதலில் சந்தேகியுங்கள். இதெல்லாம் முடிந்து மிச்சம் இருந்தால் ஆளிடம் வாருங்கள். வரும்போது அவன் ஏற்கனவே உங்களிடம் ஏதாவது கேட்டானா, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

நான் மன்னிப்புக் கேட்டதற்கு ஏழுமலை இன்றுவரை பதில் சொல்லவில்லை. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. அந்த ஆடியில் அவனுக்கு முப்பது முடிந்தது.